கணித ஆசிரியர் சங்கக் கிளையின் ஒருநாள் முகாம்: 120 பிள்ளைகள், 12 பேர், எப்படி வகுப்பது?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். கும்பகோணம் வட்டாரக் கணித ஆசிரியர் சங்கக் கிளை சார்பில் ஐந்து கிராமத்து நடுநிலைப் பள்ளிகளைச் சேர்த்து ஒருநாள் முகாம் நடத்த வேண்டும். 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகள் 120 பேர். சங்கத்திலிருந்து வேலை பார்க்க 12 பேர். கையிருப்பு 8,000 ரூபாய். சாப்பாட்டை இடம் தரும் பள்ளியே பார்த்துக்கொள்கிறது.

தேதி டிசம்பர் 22 என்று பேசி வைத்திருக்கிறோம். ராமானுஜன் பிறந்த நாள், அவர் படித்து வளர்ந்த ஊர் வேறு. உறுப்பினர்களில் பாதிப் பேர் தெர்மோகோல் மாதிரியும் சார்ட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தலாம் என்கிறார்கள். மீதிப் பேருக்கு வினாடி வினாதான் விருப்பம். இரண்டிலும் பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து, அதில் ஒளிந்திருக்கும் கணக்கைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அப்படி என்ன செயல்பாடுகள் வைக்கலாம், எவ்வளவு பொருள் தேவை, நேரத்தை எப்படிப் பிரிப்பது, எந்த இடத்தில் சொதப்பும்? முகாம் முடிந்த பிறகும் அந்த ஐந்து பள்ளிகளில் ஏதாவது நிலைக்க என்ன வழி?

பாடவேளை எழுதியது:

சார், முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 22 தேசிய கணித நாள்தான். ஆனால் அந்த வாரம் அரையாண்டுத் தேர்வு. எந்தத் தலைமையாசிரியரும் பிள்ளைகளை மனமார அனுப்ப மாட்டார். டெல்டாவில் மழையும் விட்டபாடிருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் சனிக்கிழமை, ஜனவரி 24 மாதிரி ஒரு நாள் சரியாக வரும். பிப்ரவரிக்குத் தள்ளினால் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பொதுத்தேர்வு வேலையில் மாட்டிக்கொள்வார்கள், உங்கள் 12 பேர் 7 ஆகிவிடுவார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலரிடம் கடிதத்தை மூன்று வாரம் முன்பே கொடுங்கள். பள்ளிக்கு 24 பிள்ளைகள், கூட ஒரு கணக்கு ஆசிரியர் என்று எண்ணிக்கையைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒரு பள்ளியிலிருந்து 40 பேரும் இன்னொன்றிலிருந்து 9 பேரும் வந்து நிற்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் ஒரு பிரதி போகட்டும். சனிக்கிழமை வண்டி ஏற்பாடு பெரும்பாலும் அவர்கள் கையில்தான்.

ஐந்து மேசை வையுங்கள், மேசைக்கு 24 பேர். ஒரு சுற்று 25 நிமிடம், இடம் மாற 5 நிமிடம். 9.30க்குத் தொடங்கி நடுவில் 10 நிமிடம் தண்ணீருக்கு விட்டால் 12.10க்கு ஐந்து சுற்றும் முடியும். மேசைக்கு இருவர் வீதம் பத்துப் பேர். பதினோராவது ஆள் மணியடிக்க, பன்னிரண்டாவது ஆள் பொருள் நிரப்ப. இந்த இருவரையும் எந்த மேசையிலும் உட்கார வைக்காதீர்கள். ஒரு மேசை ஐந்து நிமிடம் இழுத்தால் மற்ற நான்கும் சும்மா நிற்கும், ஆகவே மணி அடித்தால் வேலை பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். 24 பேரையும் ஒரே பள்ளியாக விடாமல் ஐந்து பள்ளியையும் கலந்து பிரியுங்கள். வருகைப் பதிவின்போதே வண்ண நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால் பெயர் கூப்பிடுகிற வேலை மிச்சம்.

கண்காட்சி வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சரி. மாதிரியைச் செய்து பழகிய எட்டுப் பேருக்கு மட்டும்தான் அதில் கணக்கு, பார்க்க வந்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கை.

இழைக்கோலம் எழுதியது:

ஒரு மேசைக்குக் கம்பிக்கோலத்தை, அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து ஓடும் சிக்குக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செலவே கிடையாது, அதிலிருக்கும் கணக்கோ ஆழம்.

நேர்ப்புள்ளியாகச் செவ்வக வடிவில் புள்ளி வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவே கோடுகள் ஒருமுறை குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். இப்படிப் போட்டால் கோலத்தில் எத்தனை தனித்தனி இழை இருக்கிறதோ, அது நிரையும் நிரலுமான அந்த இரண்டு எண்களின் மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி)! 3×4 புள்ளிக்கு ஒரே இழை, 4×6க்கு இரண்டு, 3×3க்கு மூன்று.

இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். 2 செ.மீ. இடைவெளியில் புள்ளி அச்சடித்த தாளும் ஆளுக்கு நான்கு வண்ண பென்சிலும் கொடுங்கள். ஒரு இழை முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்ததும் வண்ணத்தை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை வண்ணம் பட்டதோ அதைக் கரும்பலகை அட்டவணையில் எழுதட்டும்.

என்ன அளவுகள் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 2×3, 3×4, 3×3, 4×4 மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் ‘இரண்டும் சமமென்றால் அந்த எண், இல்லாவிட்டால் ஒன்று’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவர்கள் பார்த்தவரைக்கும் அது சரிதான். அதை உடைக்க 2×4, 3×6, 4×6 மூன்றும் கட்டாயம் வேண்டும். 3×6 வந்ததும் ‘அப்போ சின்ன எண்தான்’ என்பார்கள், 4×6 வந்து அதையும் உடைக்கும். அந்த இடத்தில் மேசைக்காரர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மீதி நேரம் இருந்தால் 3×7 கோலத்தில் 3×3 சதுரத்தை மறைத்து, மிச்சமுள்ள 3×4க்கு எத்தனை இழை என்று கேளுங்கள். எண்ணிக்கை மாறாது. மறுபடி ஒரு 3×3 மறைத்தால் 3×1. தொடர் கழித்தல் முறையில் மீ.பொ.கா. காண்பது இதேதான்.

தவறு நடக்கும் இடம் இரண்டு. வீட்டில் கோலம் போடும் பிள்ளைகள் பழக்கத்தில் ஊடுபுள்ளி (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி) வைப்பார்கள், அதற்கு இந்த விதி பொருந்தாது. சிலர் அழகுக்காக நடுவில் ஒரு வெட்டை விட்டுவிட்டு இரண்டு கோட்டையும் வளைத்துவிடுவார்கள். அப்படி ஒரு இடத்தில் செய்தாலும் இழை எண்ணிக்கை மாறிவிடலாம். அட்டவணையில் ஒரு எண் ஒட்டாமல் நின்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

இன்னொரு மேசைக்குப் புளியங்கொட்டை. மூன்று பேருக்கு 60 கொட்டை வீதம் எட்டுக் குழுவுக்கு 480. அதில் பாதி வெள்ளை மொச்சையாக இருந்தால் நிற வேறுபாடு தெரியும். 1, 3, 6, 10 என்று முக்கோணமாக அடுக்கி, அடுத்தடுத்த இரண்டு முக்கோணத்தைச் சேர்த்தால் சதுரம் வருவதை 6, 7 வகுப்புக் கண்டுபிடிக்கட்டும். 8ஆம் வகுப்புக்கு: ஆறு கொட்டை முக்கோணம் எட்டும் ஒரு தனிக் கொட்டையும் சேர்த்து ஒரே சதுரமாக்கச் சொல்லுங்கள். 49 வரும், நடுக்கொட்டையைச் சுற்றி எட்டு முக்கோணமும் காற்றாடி மாதிரி சுற்றி நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கடித்து விழுங்கினால் நஞ்சு.

நாலுமுனை எழுதியது:

மீதியில் இரண்டு மேசைக்கு என் யோசனை, காகித மடிப்பும் பட்டாணி ஈர்க்கும்.

காகிதம் 16 செ.மீ. சதுரமாக இருக்க வேண்டும். ஏ4 தாளில் ஒன்றுதான் தேறும், ஆகவே 120 தாள், சேதத்துக்கு 30. அச்சகத்தில் கொடுத்து மொத்தமாக வெட்டி வாங்குங்கள். கத்தரியால் வெட்டினால் இரண்டு மூன்று மி.மீ. கோணிக்கொள்ளும், பிறகு விடை வராது. மேல் விளிம்பின் நடுப்புள்ளியை நகத்தால் லேசாகக் கிள்ளி மட்டும் குறிக்க வேண்டும். முழு மடிப்பாக இழுத்துவிட்டால் அடுத்து எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று குழம்பும். இடது கீழ் மூலையை அந்த நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து வைத்து அழுத்துங்கள். இடது மேல் மூலையில் ஒரு செங்கோண முக்கோணம் நிற்கும். அளந்தால் 6, 8, 10. வலப்பக்கம் இன்னொரு முக்கோணம் கிடைக்கும். அது பெரியது, ஆனாலும் 3:4:5தான். மடித்த விளிம்பு வலது பக்கத்தைத் தொடும் புள்ளி அந்தப் பக்கத்தைச் சரியாக 1:2 என்று பிரிக்கும். அளவுகோலே இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு! 6ஆம் வகுப்பு அளந்து வியந்தால் போதும். 8ஆம் வகுப்பிடம் ‘ஏன் 6, ஏன் 10’ என்று கேளுங்கள். ஒரு பக்கத்தை எக்ஸ் என்றால் சாய்ந்த பக்கம் 16 கழித்தல் எக்ஸ், மற்றது 8. பிதாகரஸ் போட்டால் இரண்டு வரியில் எக்ஸ் 6 என்று வந்துவிடும்.

பட்டாணி மேசையில் ஆளுக்கு ஒரு நான்முகி (நான்கு முக்கோண முகம் கொண்ட வடிவம்), இருவருக்கு ஒரு கனசதுரம். நான்முகிக்கு 6 குச்சி 4 பட்டாணி, கனசதுரத்துக்கு 12 குச்சி 8 பட்டாணி. மொத்தம் 1,440 குச்சி, 960 பட்டாணி. காய்ந்த பட்டாணி அரைக் கிலோ வாங்கினால் உடைந்தது போக மிஞ்சும். இரண்டு புதுத் தென்னந்துடைப்பத்தை அவிழ்த்து, ஈர்க்கின் தடித்த பகுதியை மட்டும் 8 செ.மீ. துண்டாக, முனையைச் சாய்வாக நறுக்குங்கள். நுனிப்பகுதி வளையும், ஒதுக்கிவிடுங்கள். பட்டாணியை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் குத்தும்போது இரண்டாகப் பிளக்கும். ஊறியதும் வடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

நான்முகி ஆடாமல் நிற்கும், கனசதுரம் சரியும். அதைச் செய்தவுடனே பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எத்தனை குறுக்குக் குச்சி வைத்தால் சரியாது என்று கேளுங்கள். முகத்துக்கு ஒன்றாக ஆறு வைத்தால் நிற்கும். அப்போது முகமெல்லாம் முக்கோணமாகிவிட்டது. குறுக்குக் குச்சி 8 செ.மீ. போதாது, 11 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட வேண்டும். தனியாக நறுக்கிக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே பாழாகும். முனை, விளிம்பு, முகம் மூன்றையும் எண்ணி எழுத வைத்தால் முனையும் முகமும் சேர்ந்து விளிம்பைவிட இரண்டு கூட இருப்பது அட்டவணையிலேயே தெரியும்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜனவரி 24க்கு மாற்றப் பேசிவிட்டேன். ஐந்தாவது மேசைக்குக் கொடிமரத்தின் உயரம் காண்பது வைக்கலாமா? 8ஆம் வகுப்பு வரை முக்கோணவியல் தெரியாதே. 12.10க்கு எல்லோரும் வெளியே வருவதைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து, சரியாக 12 மணி நிழலை அளக்க வைத்தால் என்ன என்றும் ஒரு யோசனை.

நிழல்கோல் எழுதியது:

உயரம் காண முக்கோணவியல் வேண்டாம் சார். அரசு கொடுக்கும் கணித உபகரணப் பெட்டியில் 45 டிகிரி மூலைமட்டம் இருக்கிறதே, அது போதும். மூலைமட்டத்தின் சாய்ந்த பக்கத்தோடு உறிஞ்சுகுழலை ஒட்டி, செங்குத்துப் பக்கத்தோரம் நூலில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நூல் அந்தப் பக்கத்தோடு ஒட்டி நிற்க, குழல் வழியாக உச்சி தெரியும் வரை முன்னும் பின்னும் நடக்க வேண்டும். நிற்கிற இடத்திலிருந்து கம்பத்தடி வரை உள்ள தூரம் + கண் உயரம் = கம்பத்தின் உயரம். பத்தில் ஏழு பேர் கண் உயரத்தைச் சேர்க்க மறப்பார்கள், அதைத் தாளில் தனிக் கட்டமாகவே போட்டுக் கொடுங்கள்.

45 டிகிரி எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பிழை மிகக் குறைவான கோணமும் அதுதான். கண்மட்டத்துக்கு மேல் 12 மீட்டர் உள்ள கம்பத்துக்கு ஒரு டிகிரி தவறினால் 45இல் சுமார் 42 செ.மீ. பிசகும், 60இல் 48, 20இல் 65.

நிழல் விஷயத்தில் 12 மணியை விட்டுவிடுங்கள். நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கானது, கும்பகோணம் 79.4இல் இருக்கிறது. அதனால் 12½ நிமிடம் தாமதம். ஜனவரி 24 வாக்கில் சூரியனே கடிகாரத்துக்கு 12 நிமிடம் பிந்தி ஓடும். ஆக உங்கள் உச்சிவேளை 12.24 அல்லது 12.25. 12.10க்குப் பிள்ளைகள் வெளியே வருவது அதற்குத் தோதாக இருக்கிறது.

ஒரு ஊரில் மட்டும் அளந்தால் அது வெறும் நிழல். தெற்கே இன்னொரு கிளையைச் சேர்த்துக்கொண்டால் பூமியின் சுற்றளவையே அளக்கலாம். சங்கம் என்று ஒன்று இருப்பதன் பயனே இது, தனிப் பள்ளியால் முடியாததைச் செய்வது. நாகர்கோவில் அட்சரேகை 8.18, கும்பகோணம் 10.96. வித்தியாசம் 2.78 டிகிரி. உச்சிவேளையில் இரண்டு ஊரின் நிழல் காட்டும் கோணமும் இதே அளவுதான் வேறுபடும். ஒரு மீட்டர் கோலுக்கு அன்றைக்கு உங்கள் ஊரில் நிழல் 58 செ.மீ. அளவில் வரும், அங்கே 52. இந்த ஆறு செ.மீ. வித்தியாசத்தில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது, ஒரு செ.மீ. தவறினால் விடை 15 சதவீதத்துக்கு மேல் பிசகும்.

சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகல வட்டு. அதனால் நிழலின் நுனி ஒரு செ.மீ.க்கு மேல் மங்கலாக இருக்கும். கோலின் உச்சியில் அட்டை ஒன்றைக் கிடையாக ஒட்டி 5 மி.மீ. துளை போடுங்கள், துளை தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். தரையில் விழும் ஒளிப்பொட்டின் மையத்தை அளந்தால் மங்கல் தொல்லை தீரும். அளவைத் துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குத் துளையிலிருந்து தூக்குநூல் விட்டுப் புள்ளி குறியுங்கள். தரை சரிவாக இருந்தால் எல்லாம் வீண், சிமென்ட் தளமோ மட்டம் பார்த்த பலகையோ வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கோல் என 20 கோல். 12.15 முதல் 12.35 வரை மூன்று நிமிடத்துக்கு ஒரு குறி. குறைந்த அளவு எதுவோ அதை மட்டும் எடுத்து 20 கோலுக்கும் சராசரி போடுங்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித் துளை, ஒரே மாதிரி அளக்கும் முறை இருந்தால் இருவருக்கும் பொதுவான பிழை கழித்தலில் பெரும்பாலும் போய்விடும்.

கோணத்தைக் கோணமானியால் அளக்க வைக்காதீர்கள். அரை டிகிரி தவறினாலே 18 சதவீதம் போச்சு. நிழல் அளவுக்குக் கோணம் எழுதிய அட்டவணையை அச்சடித்துக் கொடுங்கள்: 51 செ.மீ.க்கு 27.0, 52க்கு 27.5, 58க்கு 30.1, 59க்கு 30.5. இடையில் மி.மீ. வாரியாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பொறி தூரம். வரைபடத்தில் இரண்டு ஊரையும் நேர்க்கோட்டால் இணைத்தால் 374 கி.மீ. பக்கம் வரும். அதைப் போட்டால் பூமி 48,000 கி.மீ. ஆகிவிடும். வேண்டியது வடக்கு தெற்கான தூரம் மட்டும், அது ஏறக்குறைய 307. 360ஐ 2.78ஆல் வகுத்து 307ஆல் பெருக்கினால் 39,750. ‘சரியாக 12 மணி’ என்று இரண்டு ஊரும் அளந்திருந்தால் விடை 50,000 பக்கம் போயிருக்கும். மேகம் மூடினால் மறுநாளே அளக்கலாம், ஆனால் இரண்டு ஊரும் ஒரே நாளில் அளக்க வேண்டும்.

பாடவேளை எழுதியது:

காலையில் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர அரை மணி இழுக்கும். வந்து உட்கார்ந்தவர்களுக்கு கப்ரேக்கர் விளையாட்டு கொடுங்கள். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். நான்கு இலக்க எண் ஒன்று, எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதிய எண்ணிலிருந்து ஏறு வரிசையில் எழுதிய எண்ணைக் கழி, வந்ததை மறுபடி அப்படியே செய். ஏழு படிக்குள் எல்லோரும் 6174இல் வந்து நிற்பார்கள். சறுக்கும் இடம்: 2111 எடுத்த பிள்ளைக்கு முதல் படியில் 999 வரும். அதை 0999 என்று எழுதாவிட்டால் அடுத்த படியில் பூஜ்யமாகிவிடும். கழித்தல் தவறைப் பிடிக்க வழியும் இருக்கிறது. ஒவ்வொரு விடையின் இலக்கக் கூடுதலும் 9இன் மடங்காக வர வேண்டும், வராவிட்டால் கடன் வாங்கியதில் பிழை.

முகாமுக்குப் பிறகு என்ன என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் நிலைப்பது பிள்ளைகளோடு வரும் அந்த ஐந்து ஆசிரியர்களைப் பொறுத்தது. அவர்களைப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். மேசைக்கு ஒருவராக இரண்டாம் சுற்றிலிருந்தே உதவிக்கு நிறுத்தி, கடைசிச் சுற்றை அவரே நடத்தட்டும். பிற்பகல் பிள்ளைகள் கணக்கை எழுதி முடிக்கும்போது, அந்த ஆசிரியர்களோடு ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். எந்தக் கேள்விக்கு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் பேச வேண்டும். பொருளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

பொருள் எல்லாம் ஒரே தகரப்பெட்டியில் போகட்டும். பள்ளிக்கு இரண்டு வாரம் என்று சுற்றினால் பத்து வாரம் ஆகும், பிப்ரவரி தொடங்கினால் ஏப்ரல் நடுவில் முடியும். மூடியின் உட்புறம் எண்ணிக்கையோடு பட்டியல் ஒட்டுங்கள். வண்ண பென்சிலும் மூலைமட்டமும்தான் காணாமல் போகும், பட்ஜெட்டில் அதற்கு 800 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். பெட்டியை அடுத்த பள்ளிக்குக் கொண்டுபோவது சங்க உறுப்பினர் ஒருவர் பொறுப்பு. பள்ளிக்குப் பள்ளி அனுப்பிக்கொள்ளட்டும் என்று விட்டால் இரண்டாவது பள்ளியின் பீரோவிலேயே தங்கிவிடும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அந்தந்தப் பள்ளி ஆசிரியர் பத்து நிமிடம் ஒரு செயல்பாட்டைச் செய்துகாட்ட அனுமதி கேளுங்கள், மற்றப் பள்ளிகளுக்கு அது தானாகப் பரவும்.

ஆர்வம் காட்டும் பிள்ளைகளுக்கு அடுத்த வழியையும் காட்ட வேண்டும். 1965இல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் 5, 6 வகுப்புக்கு காஸ் பெயரிலும், 7, 8க்கு கப்ரேக்கர் பெயரிலும், 9, 10க்கு பாஸ்கரர் பெயரிலும் தனித்தனிப் பிரிவு உண்டு. காலையில் 6174 போட்ட பிள்ளைக்கு அந்தப் பெயர் அறிமுகமானதாக இருக்கும். ஆனால் முகாம் அன்றைக்கே பழைய வினாத்தாளை நீட்டிவிடாதீர்கள். பெட்டி இரண்டு வாரம் பள்ளியில் இருந்த பிறகு கொடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அப்படியே வகுத்துக்கொள்கிறேன். 20 கோலுக்கும் அட்டைத் துளை போடும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கம் ஜனவரி 24 அன்று நண்பகலில் நிழல் அளக்க முன்வரும் கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தென்கோடி எழுதியது:

நாகர்கோவிலில் செய்கிறோம் சார். இங்கே உச்சிவேளை 12.32, நாங்கள் 12.22 முதல் 12.42 வரை குறிப்போம். பத்துக் கோல் போதுமா? துளை 5 மி.மீ., உயரம் 100 செ.மீ. இரண்டையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பினால் அதே தடிமனில் இங்கேயும் வெட்டிக்கொள்கிறோம்.